உப்புத் தண்ணியில் கிருமி வாழுமா? (அப்பாவின் வயிற்றுப்போக்கும் ஒரு லேப் ரிப்போர்ட்டும்)

பாம்பன் வடக்கு:
எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக இங்கே காற்று, நீரோட்டம், டீசல் விலை என்றுதான் எழுதுவேன். இது வேறு விஷயம்.

அப்பாவுக்கு 61 வயது. நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். போன வாரம் ஒருநாள் மதியம் கரை ஏறினார், நன்றாகத்தான் இருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் வயிற்றை முறுக்கிப் பிடித்தது. அப்புறம் தண்ணீர் தண்ணீராகப் போக்கு, இடையிடையே வாந்தி. விடிவதற்குள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு எழுந்து நிற்க முடியவில்லை. எப்போதோ மருந்துக்கடையில் வாங்கி அரிசிப் பானை மேல் வைத்திருந்த மாத்திரையில் இரண்டைப் போட்டுப் பார்த்தார், கேட்கவில்லை. ராமநாதபுரம் கொண்டுபோய் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். இப்போது தேறிவிட்டார், திட்டுகிற அளவுக்கு.

முதலில் கொடுத்த லேபில் ‘நோய்க்கிருமி வளரவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை, இன்னொரு சாம்பிளை மதுரைக்கு அனுப்பினார். அதில் ‘விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்’ என்று வந்தது. கீழே ஒரு மருந்துப் பட்டியல். ஆம்பிசிலினுக்கு நேரே ‘ஆர்’, அதாவது கிருமி அதற்கு அடங்காது. மீதிக்கெல்லாம் ‘எஸ்’, அடங்கும். வார்டில் இருந்த சிஸ்டர் “காலராவுக்குச் சொந்தக்காரக் கிருமிதான், கடல்ல இருக்கும்” என்றார்.

அங்கேதான் எனக்கு இடித்தது. உப்புத் தண்ணி கிருமியைக் கொல்லும் என்றுதானே சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம்? காலில் கிளிஞ்சல் வெட்டினால்கூடக் கடலில் நனைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அப்புறம் அந்த ‘ஆர்’. அப்பா கண்ட மாத்திரையையும் போடுகிறவர். அவர்தான் கிருமிக்கு அதைப் பழக்கிவிட்டாரா?

கீழக்கரை காக்கா:
தம்பி, வாப்பாவுக்குச் சுகமானதில் சந்தோஷம். ஆனால் கடலைக் குற்றம் சொல்லாதீர்கள். உப்பில் கிருமி நிற்காது. நின்றால் கருவாடு எப்படி ஆறு மாதம் தாங்கும்? குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த லாரித் தண்ணீரைப் பாருங்கள். தொட்டிக்குள் பாசி கையகலத்துக்குப் படிந்திருக்கும். வினை அங்கேதான்.

தட்டுக்காரி:
நான் லேபில் வேலை பார்க்கிறவள், சொந்த ஊர் தங்கச்சிமடம். காக்கா, உங்கள் கருவாட்டுக் கணக்கு சரி, கடல் கணக்குத்தான் தவறு. கடலில் உப்பு நூற்றுக்கு மூன்றரை பங்கு. கருவாட்டில் அதைப்போல் பல மடங்கு, போதாததற்கு வெயிலில் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறோம். பாராஹீமோலிட்டிகஸுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு உப்பு என்றால் கல்யாணச் சாப்பாடு. லேபில் உப்பே இல்லாத தீனியில் போட்டால்தான் அது வளராது. கடல் அதன் சொந்த வீடு, நாம்தான் விருந்தாளி.

அந்த முதல் லேப் ரிப்போர்ட்டைப் பற்றி. பேதி சாம்பிள் வந்தால் வழக்கமாக மக்கான்கி என்ற, கிருமி வளர்க்கும் தட்டில் கோடு இழுப்போம். குடல் கிருமியான ஈகோலை இருந்தால் இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரும். ஷிகெல்லா, சால்மொனெல்லா நிறமில்லாமல் வரும். விப்ரியோவைத் தேடினால் மட்டும் டி.சி.பி.எஸ் என்று தனித்தட்டு, கரும்பச்சை நிறத்தில். காலராக் கிருமி அதில் உள்ள சர்க்கரையைப் புளிக்கவைக்கும், அதனால் மஞ்சள் மஞ்சளாகக் காலனி, அதாவது கிருமிக்கூட்டப் புள்ளி, எழும். பாராஹீமோலிட்டிகஸ் அந்தச் சர்க்கரையைத் தொடாது, பச்சையாகவே நிற்கும், நடுவில் கொஞ்சம் இருண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். தனித்தட்டு போடாத லேபில் இது கண்ணில் படாமல் போவது சர்வ சாதாரணம். ‘வளரவில்லை’ என்று வந்தால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ‘தேடவில்லை’யாகவும் இருக்கலாம்.

சரி, அப்பா அன்று என்ன சாப்பிட்டார்? இந்தக் கிருமி பெரும்பாலும் தண்ணீர்க் குடத்தில் வருவதில்லை, மீனிலும் நண்டிலும்தான் வரும்.

பாம்பன் வடக்கு:
அக்கா, நீலக்கால் நண்டுதான். ஆனால் பச்சையாக யார் சாப்பிடுவார்கள்? படகிலேயே அவித்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பேர் போனார்கள். இன்னொருவருக்கு லேசான வயிற்றுவலி, மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை. கிருமி நண்டில் இருந்தால் மூன்று பேரையும் அல்லவா பிடித்திருக்கவேண்டும்?

தட்டுக்காரி:
அவித்த பிறகு நண்டை எதில் போட்டார்கள்? எத்தனை மணிக்கு அவித்தார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள்? மூன்றாமவர் எப்போது சாப்பிட்டார்? இதை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

பாம்பன் வடக்கு:
கேட்டேன். முதலில் “போலீஸ் மாதிரி என்னடா விசாரணை” என்றார்.

காலை ஏழு மணிக்கு வலை இழுத்து முடித்திருக்கிறார்கள். ஏழரைக்குக் கடல்தண்ணியும் கேன் தண்ணியும் கலந்து நண்டை அவித்திருக்கிறார்கள். மூன்றாமவர் சுடச்சுட அப்போதே இரண்டு தின்றுவிட்டார். மீதியை அதே பிளாஸ்டிக் கூடையில் கொட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடியிருக்கிறார்கள். அதே கூடை என்றால், காலையில் உயிர் நண்டு கிடந்த கூடை. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றதாம். பதினொன்றரைக்கு அப்பா அதை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். இன்னொருவர் ஒரு காலை மட்டும் கடித்திருக்கிறார்.

எழுதும்போதே எனக்குப் புரிகிறது.

இறால்காரன்:
அவ்வளவுதான், முடிந்தது கதை. இந்தக் கிருமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று அறுபத்து நாலு. நாலு மணி நேரத்தில் ஒரே ஒரு கிருமி ஒன்றரைக் கோடிக்கு மேல். ஈரச்சாக்கு, இளவெயில், அவித்த கறி. வேறென்ன வேண்டும் அதற்கு?

மூலக்கூறு:
பத்து நிமிடம் என்பது லேபில், 37 டிகிரியில், நல்ல தீனி போட்டால். கூடையில் அவ்வளவு வேகம் இருக்காது. இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்தால் 4,096 மடங்கு. அடியில் நின்ற தண்ணீரிலிருந்து ஓராயிரம் ஒட்டியிருந்தால்கூட 40 லட்சம். ஆளை விழத்தட்ட அது போதும். சுடச்சுடத் தின்றவர் தப்பித்ததும் ஒரு கால் கடித்தவருக்கு லேசாக வந்ததும் இதில் அப்படியே பொருந்துகிறது. அவித்த நண்டில் போட்டிக்கு வேறு கிருமி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலி மனையில் முதலில் குடிசை போட்டவன் ராஜா.

இந்தக் கிருமியையே இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 1950-ல் ஒசாகா பக்கம், பொடி மத்தியை அரைகுறையாகக் காயவைத்த ஷிராசு என்ற பண்டத்தைச் சாப்பிட்டு 272 பேர் விழுந்தார்கள், 20 பேர் இறந்தார்கள். புஜினோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி அதிலிருந்து பிரித்தெடுத்தார். நம் ஊர் நெத்திலிக் கருவாட்டுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம் அந்தப் பண்டத்தை, என்ன, உப்பும் வெயிலும் போதவில்லை.

பாம்பன் வடக்கு:
கூடை விவகாரம் புரிந்தது. ஆனால் அப்பாவும் தாத்தாவும் நாற்பது ஐம்பது வருடமாக இதே மாதிரிதானே நண்டு தின்கிறார்கள்? இப்போது மட்டும் ஏன்? அந்த ‘ஆர்’ பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மூலக்கூறு:
ஏன் இப்போது மட்டும் என்பதுதான் நல்ல கேள்வி. கடலில் கிடக்கிற பாராஹீமோலிட்டிகஸில் ஆகப் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை. மிகச் சிறு பங்கிடம்தான் டி.டி.எச் என்ற நச்சுக்கான ஜீன் உண்டு. நோயாளியின் பேதியில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அந்த ஜீன் இருக்கும், கடலில் வலை போட்டால் அரிதாகத்தான் சிக்கும். ஒரே பெயர், ஒரே தட்டில் ஒரே பச்சை, ஆனால் ஒன்று சாது, ஒன்று கொள்ளைக்காரன். தாத்தா காலத்தில் தின்ற நண்டிலும் கிருமி இருந்திருக்கும், சாதுவாக. அதோடு 1996-ல் கொல்கத்தாவில் ஓ3:கே6 என்ற வகை திடீரென்று பெருகி, இரண்டொரு வருடத்தில் தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அமெரிக்கா வரை போனது. அதற்கு முன் இந்தக் கிருமியில் ஒரே வகை நாடு விட்டு நாடு பரவிப் பார்த்ததில்லை. உங்கள் அப்பாவுக்கு வந்தது அந்த வகையா என்று இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்து அந்த ‘ஆர்’. அப்பாவைக் கூண்டில் ஏற்றவேண்டாம். பாராஹீமோலிட்டிகஸில் பெரும்பாலானவை ஆம்பிசிலினுக்கு அடங்குவதே இல்லை. மருந்தை உடைக்கும் நொதிக்கான ஜீன் அதன் குரோமோசோமிலேயே பரம்பரைச் சொத்தாக இருக்கிறது. மாத்திரை கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இப்படி எதிர்ப்பு ஜீன்கள் உண்டு. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டு பழைய உறைமண்ணை ஆராய்ந்து, பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை எதிர்க்கும் ஜீன்களை 2011-ல் காட்டினார்கள். மண்ணில் இருக்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றை ஒன்று கொல்லத் தயாரித்த சரக்கைத்தானே நாம் எடுத்து மாத்திரை ஆக்கினோம். கேடயமும் அங்கேயே இருந்திருக்கும் அல்லவா?

‘பழக்கிவிட்டாரா’ என்று கேட்டீர்களே, அந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிருமி பழகுவதில்லை. 1952-ல் விஞ்ஞானிகளான லெடர்பெர்க் தம்பதி ஒரு வட்டக்கட்டையில் வெல்வெட் துணியைக் கட்டினார்கள். காலனிகள் வளர்ந்த தட்டில் அதை ஒற்றி, மருந்து கலந்த வேறு தட்டுகளில் அச்சுக்கோலம் போடுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றினார்கள். மருந்துத் தட்டுகளில் பிழைத்த புள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வந்தன. அப்புறம் மருந்தே படாத மூலத்தட்டுக்குப் போய், அதே இடத்தில் இருந்ததை எடுத்துச் சோதித்தால் அதுவும் மருந்தைத் தாங்கியது. அதாவது மாறியவன் முன்னமே கூட்டத்தில் ஒருவனாக நின்றிருக்கிறான். மருந்து வந்து மற்றவர்களைத் துடைத்தது, அவ்வளவுதான்.

கீழக்கரை காக்கா:
அப்படியானால் கண்டபடி மாத்திரை போட்டாலும் குற்றமில்லை என்றாகிறதே? தம்மாமில் இருபது வருடம் இருந்தேன், சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை வாங்க அலைந்த கதை எனக்குத்தான் தெரியும். இங்கே பெட்டிக்கடையில் பீடியோடு சேர்த்துக் கொடுக்கிறான்.

தட்டுக்காரி:
குற்றம் இருக்கிறது காக்கா, ஆனால் வேறு கிருமியின் பெயரில். தாத்தா காலத்து நொதி விப்ரியோவோடு வந்தது. ஆனால் உங்கள் குடலில் சும்மா இருக்கிற ஈகோலை இருக்கிறதே, நீங்கள் மாத்திரை போடும் ஒவ்வொரு முறையும் அதில் தாங்குகிறவை மட்டும் மிஞ்சும். அவை அந்தச் சரக்கைப் பக்கத்தில் இருப்பவருக்கும் கைமாற்றும்.

1950-களின் கடைசியில் ஜப்பானில் சீதபேதிக் கிருமி ஷிகெல்லா ஒரே நேரத்தில் நாலு மருந்துக்கு அடங்காமல் போனது. சல்பா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால். நாலு தனித்தனி மாற்றம் ஒரே கிருமியில் ஒன்றாக விழுவது நடக்காத காரியம். தேடிப் பார்த்தால் நாலும் ஒரே டி.என்.ஏ வளையத்தில் கட்டுச்சோறு மாதிரி சேர்ந்திருந்தன. ஈகோலையும் ஷிகெல்லாவும் ஒட்டி நின்று அந்த மூட்டையைக் கைமாற்றிக்கொண்டன. பிளாஸ்மிட் என்பது அதுதான்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-லிருந்து பரவிய டைஃபாய்டும் இதே வழி. செப்ட்ரியாக்சோன் ஊசியும் கேட்காத அந்த டைஃபாய்டுக் கிருமியின் பிளாஸ்மிட், ஈகோலையிடம் காணப்பட்ட பிளாஸ்மிட்டோடு ஒத்துப்போனது.

இறால்காரன்:
பிளாஸ்மிட் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. தொண்டிப் பக்கம் குளத்தில் வேலை பார்க்கிறேன். இதே பாராஹீமோலிட்டிகஸ்தான் இறாலுக்கு இ.எம்.எஸ் நோயையும் கொடுக்கிறது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். குஞ்சு விட்டு ஒரு மாதத்துக்குள் குளமே காலியாகிவிடும். இறாலின் லிவர் என்று நாங்கள் சொல்கிற உறுப்பு வெளுத்துச் சுருங்கும், குடலில் தீனி இருக்காது, ஓடு துவளும். 2009 வாக்கில் சீனாவில் தொடங்கி வியட்நாம், தாய்லாந்து என்று குளம் குளமாகத் துடைத்தது. கிருமிதான் காரணம் என்று 2013-ல்தான் அமெரிக்காவில், அரிசோனாவில், உறுதி செய்தார்களாம். அந்த மாதிரி இறாலைத் தின்றால் மனிதனுக்கு வருமா? குளத்தில் வேலை செய்கிற எங்களையே ஊரில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மூலக்கூறு:
பயப்படவேண்டாம். இறாலைக் கொல்பவனிடம் பிர் என்ற இரட்டை நச்சுக்கான ஜீன்கள் உள்ள பிளாஸ்மிட் உண்டு. மனிதனைப் படுக்கவைக்கிற டி.டி.எச் ஜீன் பொதுவாக அவனிடம் இருப்பதில்லை. ஆக ஒரே இனத்தில் ஒருவன் நம்மிடம் வேலை காட்டுகிறான், ஒருவன் இறாலிடம், மீதிக் கூட்டம் யாரையும் தொடுவதில்லை. அந்தப் பிர் நச்சுக்கு ஜாடை எங்கே இருக்கிறது தெரியுமா? மண்ணில் புழுவோடு சேர்ந்து பூச்சிகளைக் கொல்லும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவில். பூச்சிக்கும் இறாலுக்கும் உள்ள உறவை நினைத்தால் பொருத்தம்தான்.

குளத்தில் தடை செய்த ஆன்டிபயாடிக்கைக் கலக்காமல் இருந்தால் சரி. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் இரண்டும் இறால் வளர்ப்பில் தடை.

இறால்காரன்:
நான் கலக்கவில்லை. கலக்கச் சொன்னவரைப் பற்றி இங்கே எழுதினால் வேலை போகும்.

பழைய கேம்ப்:
சிஸ்டர் காலரா என்று சொன்னதைப் படித்ததும் இந்தக் கிழவனுக்கு எழுதத் தோன்றியது. நான் மண்டபம் கேம்ப்பில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு மண்டபம் முகாம் என்றால் 1983-க்குப் பிறகு வந்த அகதிகள் முகாம்தான் தெரியும். ‘கேம்ப்’ என்ற பெயர் அதைவிடப் பழையது. கண்டிச்சீமைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப்போன சனங்களைக் கப்பல் ஏற்றுமுன் நிறுத்திவைத்த இடம் அது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தனிமை முகாம். காரணம் காலரா, பிளேக், அம்மை. அதற்கு முந்திய தலைமுறையில் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பலும் வந்தபிறகு எல்லாரும் இந்த வழிதான்.

சட்டி, துணி, உடம்பு எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்ததாகப் பெரியவர்கள் சொல்லுவார்கள். கிருமி எது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் நோயாளிகளின் குடலில் கண்ட வளைந்த கிருமியை, அந்தச் சனங்கள் குளித்துத் துவைத்துக் குடித்த ஒரு குளத்துத் தண்ணீரிலும் கண்டார். நம் ஊரணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஊர்களில் குடிக்கிற ஊரணியில் கால் நனைத்தால் கட்டி வைத்து அடிப்பார்கள், அது வேறு.

எனக்குத் தெரியாதது ஒன்று. கடலில் இருந்த சாதுக் கிருமி எப்படி ஊரைக் காலி செய்கிற காலராவாயிற்று?

மூலக்கூறு:
ஐயா, அது இந்த இழையிலேயே சுவையான பகுதி.

காலராவில் ஆளைக் கொல்வது கிருமி அல்ல, அது விடும் நச்சு. அதை 1959-ல் கல்கத்தாவில் சம்பு நாத் டே காட்டினார். முயலின் குடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, கிருமியை வடிகட்டி எடுத்த வெறும் திரவத்தை உள்ளே செலுத்தினார். குடல் பலூன் மாதிரி நீரால் உப்பியது. அந்த நச்சுக்கான ஜீன் காலராக் கிருமியின் சொந்தச் சரக்கு இல்லை என்று 1996-ல் வால்டோரும் மெக்கலானோஸும் கண்டார்கள். பாக்டீரியாவையே தாக்குகிற நூல் போன்ற வைரஸ் ஒன்று அதைச் சுமந்து வந்து கிருமியின் குரோமோசோமுக்குள் குடியேறியிருக்கிறது. அந்த வைரஸ் உள்ளே நுழையப் பிடிக்கும் கைப்பிடி எது? கிருமி நம் குடலில் ஒட்டிக்கொள்ள வளர்க்கும் அதே மயிரிழை. குடலில் ஒட்டத் தெரிந்தவனுக்கே நச்சும் கிடைக்கும் என்கிற ஏற்பாடு.

கடலில் இவை சரக்கு மாற்றும் சந்தை, நண்டின் மேலோடும் இறாலின் மேலோடும்தான். அவை கைட்டின் என்ற பொருளால் ஆனவை. தண்ணீரில் துள்ளும் பொடி உயிர்களான கோப்பிபாடின் ஓடும் அதே கைட்டின்தான். கைட்டின் மேல் உட்கார்ந்த காலராக் கிருமி, சுற்றிக் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுக்கத் தொடங்கும் என்று 2005-ல் தெரிந்தது. 2015-ல் இன்னும் ஒன்று. அது சும்மா பொறுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவனை ஈட்டி போன்ற ஒன்றால் குத்திக் கொன்று, அவனிடமிருந்து சிந்தும் ஜீனை எடுத்துக்கொள்கிறது.

இதற்குச் சாட்சி நம் சென்னை. 1992 வரை ஊரடங்கப் பரவிய காலராவெல்லாம் ஓ1 வகை. அந்த ஆண்டின் இறுதியில் சென்னையில் ஓ139 என்ற புது வகை வந்து, சில மாதத்தில் கல்கத்தா, வங்கதேசம் வரை போனது. புதியவன் என்று முதலில் எண்ணினார்கள். உள்ளே பார்த்தால் ஓ1-ல் ஒரு பிரிவான பழைய எல்டார் கிருமிதான், மேல்சட்டைக்கான ஜீன் தொகுதியை மட்டும் வேறு யாரிடமிருந்தோ வாங்கி மாட்டியிருந்தது. பழைய காலராவில் தேறி எதிர்ப்புச் சக்தி பெற்ற பெரியவர்களின் உடம்புக்குப் புதுச்சட்டை அடையாளம் தெரியவில்லை. அதனால் அந்த முறை பெரியவர்களும் ஏராளமாக விழுந்தார்கள். அதே சென்னைக் கிருமியில்தான் எஸ்.எக்ஸ்.டி என்ற இன்னொரு மூட்டையைக் கண்டுபிடித்தார்கள். பல மருந்துகளுக்கு எதிர்ப்பு ஒரே கட்டாக. இன்று உலகில் சுற்றுகிற காலராக் கிருமிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் குடும்பத்து மூட்டைதான்.

கடலோடி 77:
எல்லாம் சரி. ஆளைக் கொன்றுவிட்டால் கிருமிக்கு வீடு போச்சே? இதில் என்ன பரிணாமம்? அதுவும் பரிணாமம் லட்சக்கணக்கான வருடம் பிடிக்கும் என்றுதானே பள்ளியில் படித்தோம்.

மூலக்கூறு:
இரண்டாவதற்கு முதலில். அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-ல் ஈகோலையை 12 குடுவைகளில் போட்டு, தினமும் புதுத் தீனிக்கு மாற்றி வந்தார். ஒரு நாளைக்கு ஆறேழு தலைமுறை. முப்பதாயிரம் தலைமுறை தாண்டி ஒரே ஒரு குடுவையில் மட்டும், ஆக்சிஜன் இருக்கும்போது ஈகோலை தொடவே தொடாத சிட்ரேட்டைத் தின்கிற கூட்டம் எழுந்தது. 2008-ல் வெளியிட்டார். வருடக் கணக்கில் பார்த்தால் வெறும் பதினைந்து. தலைமுறைக் கணக்கில் நமக்கு அது ஆறு, ஏழு லட்சம் வருடம்.

ஆளைக் கொல்வது பற்றி பால் எவால்ட் என்ற பரிணாம ஆய்வாளர் ஒரு வாதம் வைத்தார். தும்மலில் பரவுகிற கிருமிக்கு நோயாளி எழுந்து நடமாடவேண்டும். பேதிக் கிருமிக்கு அந்த அவசியமில்லை. ஆள் படுத்தே கிடந்தாலும் துணி அலசிய தண்ணீர் நடந்துபோகும். எனவே தண்ணீர் அசுத்தமான ஊரில் கொடிய வகைக்கே லாபம், நல்ல தண்ணீர் கொடுத்தால் சாது வகை மிஞ்சும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

தட்டுக்காரி:
எனக்கு அது பாதிதான் ஒத்துக்கொள்கிறது. காலராவுக்குச் சொல்லலாம். பாராஹீமோலிட்டிகஸுக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை. பாம்பன் தம்பியின் அப்பா செத்தாலும் பிழைத்தாலும் பாக் நீரிணையில் அதன் குடும்பத்துக்கு லாப நட்டம் கிடையாது. எல்லா நோயையும் ஒரு கணக்கில் அடைக்கவேண்டாம்.

ஜெர்மனியில் 2011-ல் நடந்ததைப் பாருங்கள். முளைகட்டிய வெந்தயம் தின்று சுமார் 3,800 பேர் விழுந்தார்கள், 54 பேர் இறந்தார்கள். நம் வீட்டு வெந்தயம்தான். கிருமி ஈகோலை ஓ104. குடலில் செங்கல் அடுக்கினாற்போல் ஒட்டுகிற வகை அது. அதற்குள் ஷிகா நச்சைச் சுமந்த வைரஸ் குடியேறியிருந்தது. ஒட்டுவதில் கெட்டிக்காரனும் நச்சும் ஒரே உடம்பில் சேர்ந்தன. இதில் இன்னொரு வம்பு. சில ஆன்டிபயாடிக்குகள் பட்டால் அந்த வைரஸ் விழித்துக்கொண்டு நச்சை இன்னும் கொட்டும். ரத்தத்தோடு போக்கு வந்தால் பானை மேல் இருக்கிற மாத்திரையைத் தொடாமல் டாக்டரிடம் ஓடச் சொல்வது இதற்கும்தான்.

வாங்கிச் சேர்ப்பது மட்டும் வழி இல்லை, தொலைப்பதும் வழி. ஷிகெல்லா என்று தனிப்பெயர் வைத்திருக்கிறோமே, ஜீன்படி பார்த்தால் அது ஈகோலைதான். வெவ்வேறு ஈகோலைகள் தனித்தனியே ஒரு பெரிய பிளாஸ்மிட்டை வாங்கி ஷிகெல்லா ஆகியிருக்கின்றன. ஆனபிறகு எல்லாமே ஒரு ஜீனைத் தொலைத்திருக்கின்றன. அந்த ஜீன் இருந்தால் கேடவெரின் உண்டாகும். அழுகிய பிணத்தில் வருமே, அந்தப் பொருள். அது ஷிகெல்லாவின் நச்சையே மழுங்கடிக்கும். 1998-ல் தொலைந்த ஜீனைத் திருப்பிச் செருகிப் பார்த்தார்கள், நச்சு வேலை செய்யவில்லை. டைஃபாய்டுக் கிருமி இன்னும் மோசம். 2001-ல் அதன் ஜீனோமைப் படித்தபோது இருநூறுக்கு மேல் ஜீன்கள் உடைந்து கிடந்தன. கோழி, மாடு, பாம்பு என்று எல்லார் வீட்டிலும் தங்குகிற சால்மொனெல்லாக் குடும்பத்தில் பிறந்து, மனிதன் ஒருவனிடமே ஒண்டிக்கொண்டவன். ஒரே வீட்டில் தங்குகிறவனுக்கு எதற்கு அத்தனை சாவி?

நெறியாளர்:
வசம்பு, கோமியம், ‘மூன்றே வேளையில் காலரா போகும்’ பதிவுகள் நான்கை நீக்கியிருக்கிறேன். விற்பனை எண் போட்டால் கணக்கையே பூட்டுவேன். தொடருங்கள்.

ஊரணிக்கரை:
தேவிபட்டினம் பக்கத்திலிருந்து. எங்கள் அப்பத்தா ஊரணித் தண்ணீரைக் கொண்டுவந்ததும் பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுத்தான் ஊற்றும். ஒரு மணி நேரத்தில் கலங்கல் எல்லாம் அடியில் இறங்கிவிடும். அதற்கு முன் பானை வாயில் சேலைத்துணியைக் கட்டி வடிக்கும். இதில் கிருமி போகுமா, வெறும் சேறுதான் போகுமா?

மூலக்கூறு:
அப்பத்தாவின் சேலைக்கு ஆதாரம் உண்டு. வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து வடித்தால் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று ரீட்டா கால்வெல் குழு 2003-ல் காட்டியது, 48 சதவீதம். துணியின் கண் ஒற்றைக் கிருமியைத் தடுக்காது. ஆனால் காலராக் கிருமி கோப்பிபாடின் ஓட்டில் கும்பலாக ஒட்டிக்கிடக்கும், அந்த வண்டியோடு சேர்த்து நிற்கும். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழைய சேலைதான் நன்றாக வேலை செய்தது. புதுச்சேலை அவ்வளவு சரிவராது. டைஃபாய்டுக்கும் சீதபேதிக்கும் இந்த வித்தையை நம்பக்கூடாது, அவற்றுக்கு வண்டி தேவையில்லை. கொதிக்கவைப்பதுதான் வழி. தேத்தாங்கொட்டை கலங்கலை இறக்கும், அதோடு ஒட்டியது கொஞ்சம் இறங்கும்.

கீழக்கரை காக்கா:
சரி, ஒத்துக்கொள்கிறேன். கருவாட்டு உப்பு வேறு, கடல் உப்பு வேறு. ஆனால் லாரித் தொட்டியில் பாசி இருப்பது உண்மை.

தட்டுக்காரி:
அதை நானும் மறுக்கவில்லை காக்கா. காய்ச்சிக் குடியுங்கள்.

பாம்பன் தம்பிக்கு ஒன்று. அடுத்த முறை கெண்டைக்கால் இழுக்கிறவரை காத்திருக்கவேண்டாம். முதல் போக்கிலேயே ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள். அரைப் பொட்டலம், அரை லிட்டர் என்று கண்மட்டில் செய்யாதீர்கள். குடல் சுவர் எவ்வளவு நீரை வெளியே விட்டாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து நுழைகிற வாசலைப் பெரும்பாலும் நச்சு அடைப்பதில்லை. அந்த வாசல் வழியே தண்ணீரும் கூடவே உள்ளே போகும். காலராவிலும் அப்படித்தான். வாந்தி நிற்காமல் குடிக்கவே முடியவில்லை, அல்லது சிறுநீரே வரவில்லை என்றால் அப்போதே கிளம்பிவிடவேண்டும்.

பாம்பன் வடக்கு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பா மறுபடி கடலுக்குப் போனார். இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். மூலக்கூறு எழுதிய ஈட்டி விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “எங்க தொழிலத்தான் அதுவும் பாக்குது” என்றார். தாத்தா காலத்தில் தின்ற நண்டு சாது நண்டு என்றதை மட்டும் நம்பவில்லை. அப்போதும் பலருக்குப் போனது, ‘சூடு’ என்று சொல்லிவிட்டோம் என்கிறார்.

இப்போது படகில் இரண்டு கூடை. அவித்த நண்டுக்கு ஒன்று, அதன் பிடியில் சிவப்பு நைலான் கயிறு சுற்றியிருக்கிறோம். மிஞ்சினால் மூடி போட்டு ஐஸ் பெட்டியில்.

தட்டுக்காரி:
கயிறு நல்ல யோசனை. உயிர் நண்டு கிடக்கும் பெட்டி வேறு, சாப்பாட்டு ஐஸ் பெட்டி வேறுதானே? நண்டை உடைக்கிற கத்தி?

பாம்பன் வடக்கு:
கத்தி ஒன்றுதான் இருக்கிறது அக்கா. ஐஸ் பெட்டியும் ஒன்றுதான். கத்தி நாளைக்கு வாங்கிவிடுகிறேன். பெட்டிக்கு அப்பாவிடம் பேசவேண்டும்.